நீ அனுப்பிய மூன்று கத்திகள்

உரும்பிராய்
ஆனி மாதம், ஞாயிறு பின்னேரம்

அன்பு மச்சான்,

படங்களைப் போனில் அனுப்பிவிட்டுப் பதிலை மட்டும் கடிதமாக எழுது என்கிறாய். சரி, எழுதுகிறேன். சோளகம் நேற்றிலிருந்து பேயாட்டம் ஆடுகிறது. முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இரவெல்லாம் தகரத்தில் தொம் தொம்மென்று விழுந்தபடி. காலையில் பொறுக்கி, அடிபட்ட பக்கத்தைச் சீவி எறிந்து, ஒரு தட்டு முடித்த பிறகுதான் பேனையை எடுத்தேன். மாம்பழம் வெட்டிய கத்தி கொப்பிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

வீட்டுப் புதினம் அதிகமில்லை. மனிசிக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. பெரியவனுக்குக் கிளிநொச்சிக்கு மாற்றம் வந்துவிட்டது, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வருகிறான். கிணறுகளில் தண்ணீர் கீழே போகப் போக எனக்கு மோட்டர் வேலை கூடுகிறது. ஊருக்குக் கஷ்டம், எனக்கு உழைப்பு, என்ன சொல்ல.

இனிக் கத்தி. லண்டனில் பெட்டி உடைக்கிற உன் வேலைக்கும், நகரசபை தந்த அந்தத் தோட்டத் துண்டுக்கும் பொக்கற்றில் ஒன்று வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மரப்பிடி போட்ட பிரெஞ்சுக் கத்தி ஒன்று, ஒரு கையால் சடக்கென்று விரிகிற கறுப்புக் கத்தி ஒன்று, சிவப்புச் சுவிஸ் கத்தி ஒன்று. கறுப்பனை மட்டும் இரண்டு தரம் அனுப்பியிருந்தாய். உன் மனம் எங்கே நிற்கிறது என்று அதிலேயே விளங்கிவிட்டது.

உனக்குப் பதில் எழுத வேண்டுமே என்று ஒரு கிழமையாக என் கத்தி எதை எதை வெட்டியது என்று சேட் பொக்கற் கொப்பியில் குறித்து வைத்தேன். "கத்திக்கும் கணக்கோ?" என்றாள் மனிசி. கயிறும் உரப்பை வாயில் போட்ட தையலும் பதினொரு தரம். பெட்டி, ரேப் சுற்றிய பார்சல் ஒன்பது. அறுத்த பி.வி.சி. குழாயின் வாயில் நிற்கிற பிசிறைச் சீவ ஏழு. வயர் தோல் உரிக்க நாலு (அதற்கு வேறு சாமான் இருக்கிறது, ஆனால் அது எப்போதும் கிணற்றடியில் நான் நிற்காத பக்கத்தில்தான் கிடக்கும்). வாழையிலை ஒன்று, குதிக்காலில் ஏறிய முள் ஒன்று. மாம்பழத்துக்குக் கணக்கில்லை. அலகு போதாமல் போனது ஒரே ஒரு தரம், பூசணிக்காய்க்கு. அது குசினிக் கத்தியின் வேலை. மற்றது எதற்கும் என் சுட்டுவிரலை விட நீளமான அலகு தேவைப்படவில்லை. நீயும் ஒரு கிழமை இப்படி எழுதிப் பார், பிறகு கடைக்குப் போ.

நீளத்தை விட நான் பார்ப்பது தடிப்பு. இதை ஒருவரும் படத்தில் பார்ப்பதில்லை. உன் கறுப்பனைப் போல ஒன்றை மருமகன் போன வருடம் கொண்டுவந்தான். முதுகு மூன்று மில்லிமீற்றருக்கு மேல். பார்க்கக் கம்பீரம்தான், கூரும் நல்ல கூர். ஆனால் மாம்பழத்தில் வைத்து அழுத்தினேன், தோலைத் தாண்டியதும் அலகு ஆப்பு மாதிரி இறுகிச் சதை பிளந்து சாறு முழங்கை வரை வழிந்தது. பக்கத்தில் என்னுடைய மெல்லிய அலகு கொட்டையை உரசிக்கொண்டு ஒரே இழுவையில் வந்தது. தடித்த அலகு நெம்புகிறவனுக்கு. நாங்கள் வெட்டுகிற ஆட்கள். நெம்ப வேண்டுமென்றால் ஸ்குரூ டிரைவர் இருக்கிறது.

அந்தப் பிரெஞ்சுக் கத்தி நல்ல கத்தி, அதில் மறுபேச்சில்லை. ஒப்பினெல் என்று சவோய் மலைப்பக்கத்தில் 1890ஆம் ஆண்டிலிருந்து செய்கிறார்கள். எட்டாம் இலக்கத்துக்கு அலகு 8.5 சென்ரிமீற்றர், கடதாசி மாதிரி மெலிவு. கழுத்தில் ஒரு வளையம், திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955இல்தான் வந்தது. பாரிசிலிருந்து வந்த சித்தப்பா மகன் காபன் உருக்கில் ஒன்று தந்தான். ஆறு மாதம் அதை விட்டால் உலகமில்லை என்று திரிந்தேன். அப்புறம் நெடுந்தீவில் ஒரு பம்ப் வேலை வந்தது. குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம், வாடைக் காற்று, திவலை அடித்துச் சேட் முழுக்க நனைந்துவிட்டது. இறங்கிக் குழாய்க் கட்டை அவிழ்க்கக் கத்தியை எடுத்தால் திறக்கிறதாயில்லை. மரப்பிடி உப்புத் தண்ணீரில் ஊறி வீங்கி அலகை இறுக்கிப் பிடித்துவிட்டது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பல்லால் இழுக்கிற எண்ணமும் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் கத்தியை வாங்கிப் பிடியின் அடியைக் கிணற்றுக் கட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். அலகு மெல்ல எட்டிப் பார்த்தது. சவோய்க்காரரும் அப்படித்தான் மேசையில் தட்டித் திறப்பார்களாம், பிறகு சித்தப்பா மகன் சொன்னான். நெடுந்தீவுக் கிழவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

திறந்தது சரி. துடைக்காமல் மடித்து வைத்துவிட்டேன். அடுத்த நாள் காலை அலகு முழுக்கச் செம்பாட்டு மண் தூவிய மாதிரிக் கறள். காபன் உருக்கு தீட்டுவதற்குச் சுகம், கூரும் நன்றாக ஏறும். ஆனால் கடல் காற்றில் திரிகிறவன் அதைக் குழந்தைப்பிள்ளை மாதிரித் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி வைக்க வேண்டும். புளிமாங்காய் வெட்டினாலே கறுத்துப் போகும், மாங்காய்த் துண்டிலும் இரும்பு வாசம் வரும். துருப்பிடிக்காத உருக்கில் குரோமியம் நூற்றுக்குப் பத்தரைக்குக் குறையாமல் இருக்கும், கத்திக்கென்று செய்வதில் பெரும்பாலும் பதின்மூன்று, பதினாலு. அந்தக் குரோமியம்தான் மேலே கண்ணுக்குத் தெரியாத தோல் ஒன்றைக் கட்டிக் காக்கிறது. உப்பு விடாமல் பட்டால் அதிலும் புள்ளி விழும், ஆனால் ஒரு நாள் மறதியை மன்னிக்கும். மறதியில் நீ என்னை விட மோசம். ஒப்பினெல்தான் வேண்டுமென்றால் துருப்பிடிக்காத வகையும் இருக்கிறது, கேட்டு வாங்கு.

பொறு, அதற்கு முன் ஒன்று. உன் நாட்டுச் சட்டத்தை நான் இங்கிருந்து சொல்ல வேண்டிக் கிடக்கிறது பார். ஹரோவில் இருக்கிற மருமகன் சொன்னது இது. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டுகிற விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாமலும் பூட்டு இல்லாமலும் இருக்கிற மடக்குக் கத்தியைத்தான் காரணம் காட்டாமல் தெருவில் கொண்டு திரியலாம். மூன்று அங்குலமென்றால் 7.62 சென்ரிமீற்றர். பூட்டு இருந்தால் அலகு இரண்டு அங்குலமே ஆனாலும் அந்தச் சலுகை கிடையாது, நல்ல காரணம் வேண்டும். வேலை நேரத்தில் வேலைத்தலத்தில் அந்தக் காரணம் இருக்கும். ஆனால் வேலை முடிந்து ரியூப் ரயிலில் ஏறுகிறபோதும், சனிக்கிழமை ஈலிங் றோட்டில் மரக்கறி வாங்குகிறபோதும் அதே காற்சட்டைதானே போடுவாய்? உன் கறுப்பன் பூட்டுக்கத்தி. பிரெஞ்சுக்காரனும் வளையத்தால் பூட்டுக்கத்திதான், போதாததற்கு நீளமும் கூட. அந்தக் கம்பனியில் ஐந்தாம் இலக்கம் வரை வளையம் இல்லை, அவை சின்னக் கத்திகள்.

கத்தியும் பொலிசும் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும், உனக்குத் தெரியும். அப்பாவின் கொம்புப்பிடி வில்லுக்கத்தி நினைவிருக்கிறதா, அலகில் ஷெஃபீல்ட் என்று பொறித்தது? சண்டைக் காலத்தில் ஒரு சோதனைச் சென்றியில் நின்றவன் அதை என் பையிலிருந்து எடுத்து, அங்கே கிடந்த கத்தரிக்கோல், ரோச் லைற் பற்றரிக் குவியலுக்குள் எறிந்தான். வேலைக் கத்தி என்று சொல்ல அவன் பாஷை எனக்கு வரவில்லை. திரும்பி வரும்போது குவியலும் இல்லை. வீட்டில் அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

ஆக மிஞ்சுவது சிவப்பன். விக்டோரினொக்ஸ். 1891இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கிய ஆட்கள். தாயின் பெயர் விக்டோரியா; அவர் 1909இல் காலமான பிறகு மகன் அந்தப் பெயரைத் தொழிலுக்கு வைத்தார். துருப்பிடிக்காத உருக்கு வந்தபின் 1921இல் அதன் பிரெஞ்சுப் பெயரான இனொக்ஸைப் பின்னால் ஒட்டினார்கள். அவர்களின் வழக்கமான அளவு 91 மில்லிமீற்றர் மடித்தபடி, அலகு சுமார் 7 சென்ரிமீற்றர். பூட்டு இல்லாத சாதாரண வகையை எடு. பெரிய அளவுகளில் பூட்டோடும் வருகிறது, கவனம். பதினைந்து சாமான் அடுக்கியதை வாங்காதே. சாரத்து மடிப்பில் செருகினால் சாரமே கழன்று விழும். இரண்டு அலகு, டப்பா திறக்கிறது, போத்தல் திறக்கிறது, துளை போடுகிற ஊசி, போதும். ரம்பம் தோட்டத்துக்கு உதவும், மெல்லிய கிளைக்கு அது கெட்டி வேலை செய்யும். நான் வைத்திருப்பதும் அப்படி ஒன்றுதான், பிடி ஒரு பக்கம் வெடித்து ஒட்டியிருக்கிறேன்.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். பூட்டில்லாத அலகு வில்லின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. இழுத்து வெட்டும்வரை ஒன்றுமில்லை. முனையால் குத்தினால், அலகின் முதுகில் எதிர்ப்பு வந்தால், மடங்கி விரலில் விழும். இரண்டு வருடத்துக்கு முன் அடைத்துப்போன சொட்டுநீர்க் குழாயின் துளையை முனையால் குடைந்தேன், அவசரம். சுட்டுவிரலில் மூன்று தையல். டொக்டர் தம்பி தையல் போட்டபடியே "ஐயா, இதுக்கு ஊசி இருக்கல்லோ?" என்றான். கத்தியிலேயே இருந்தது, மச்சான். பத்து வருடமாக அந்த ஊசியை நான் திறந்ததேயில்லை.

கூர் மழுங்கினால் தெருவில் சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதே என்று எழுத வந்தேன். லண்டனில் அவர் எங்கே வருவார்! எனக்கு ஒருத்தர் பொறி பறக்கப் பிடித்துத் தந்தார், விளிம்பு மயில்கழுத்து நீலமாகிவிட்டது. அந்த நிறம் வந்தால் உருக்கின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு எவ்வளவு தீட்டினாலும் இரண்டு நாளில் மொட்டை. கையால் தீட்டு. கல்லில் அலகை நேர்குத்தாக நிறுத்து, பாதி சாய், அதில் பாதி, அதற்கும் கொஞ்சம் கீழே. ஏறக்குறைய இருபது பாகை வரும், அதே சாய்வில் இரண்டு பக்கமும் இழு. விளிம்பின் மறுபுறம் பெருவிரலைக் குறுக்கே தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது நுனியிலிருந்து அடி வரை தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு பழைய தோல் பெல்டில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடு. கல் இல்லையென்றால் தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மினுக்கம் பூசாத அந்தச் சொரசொரப்பான வட்டத்தில் இழு. என் மனிசி இன்றும் குசினிக் கத்திக்கு அதைத்தான் செய்கிறாள். பழுத்த தக்காளித் தோலில் அழுத்தாமல் வைத்து இழு. வழுக்கினால் இன்னும் தீட்டு.

எனக்கும் ஒன்று வாங்கி வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாமென்று சொல்லமாட்டேன், கள்ளமில்லாமல் எழுதுகிறேன். அதே சிவப்பன், பூட்டில்லாதது, ரம்பத்தோடு. தொலைந்தால் ஒரு நாள் மட்டும் கவலைப்படக்கூடிய விலையில் வாங்கு. கத்தியைப் பெரிய பெட்டியில் போடு, கைப்பையில் வைத்தால் ஹீத்ரோவிலேயே பறித்துவிடுவார்கள். சென்னையில் ஏறிப் பலாலியில் இறங்குவதென்றால் நாளையும் நேரத்தையும் முன்னமே சொல், நான் வந்து நிற்பேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் வந்துவிடு, கடைசி மாம்பழம் நாலைந்து மரத்தில் விட்டுவைக்கிறேன்.

வந்ததும் கத்தியை என் கையில் தராதே. அம்மம்மா இருந்தால் ஏசுவா. மேசையில் வை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

உன்
மச்சான்