சதவீதம் வேண்டாம், தொகையைச் சொல்லுங்கள்: பிரீமியர் லீக்கின் 20 கிளப் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிகளுக்கு,

வணக்கம். ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். 1999-லிருந்து இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகன். உங்கள் மைதானம் எதையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் உங்கள் ஊர்க்காரருக்கே இல்லாத ஒரு வசதி எனக்கு உண்டு. சனிக்கிழமை மதியம் மூன்று மணி ஆட்டங்களை இங்கிலாந்தில் டிவியில் காட்டத் தடை. இங்கே ராத்திரி ஏழரைக்கோ எட்டரைக்கோ சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தால் அதே ஆட்டத்தைப் பார்க்கலாம். நான் கட்டும் சந்தாவில் ஒரு துளியாவது உங்கள் கல்லாவில் விழுகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2025 நவம்பரில் நீங்கள் நடத்திய வாக்கெடுப்பைப் பற்றித்தான். அன்று மூன்று தீர்மானங்கள் வந்தன. ஒன்றில் சண்டையே இல்லை, 20-க்கு 20. மற்ற இரண்டில்தான் சங்கதி இருக்கிறது. ஆட்டக்காரர் சம்பளம், ஆள் வாங்கிய டிரான்ஸ்ஃபர் தொகையில் அந்த வருடத்துக்கான பங்கு, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்து வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது ஒன்று. 14 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. பாஸ், 2026-27 சீசனிலிருந்து அமல். லீக்கின் பொதுப் பணத்திலிருந்து (டிவி உரிமை, பரிசுப் பணம்) கடைசி இடத்துக் கிளப்புக்குக் கிடைக்கும் தொகையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் எந்தக் கிளப்பும் அணிக்குச் செலவழிக்கக் கூடாது என்றது இன்னொன்று. 7 ஆதரவு, 12 எதிர்ப்பு, ஒருவர் பட்டும் படாமலும் ஒதுங்கிக்கொண்டார். தோற்றது.

ஜெயித்ததையும் தோற்றதையும் மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்பது என் கட்சி.

செலவுக்கு வரம்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போர்ட்ஸ்மவுத் 2008-ல் எஃப்.ஏ. கோப்பையை வாங்கியது, 2010-ல் திவாலாகி, பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே நிர்வாகியின் கைக்குப் போன முதல் கிளப் ஆனது. அதன் கடன்காரர் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பெயரும் இருந்தது. ஆட்டத்தன்று மைதானத்தில் மயங்கி விழுந்தவருக்குத் தண்ணீர் தெளித்துக் கட்டுப் போடும் தொண்டு நிறுவனம் அது. ஆட்டக்காரர் பாக்கியும் மற்றக் கிளப்புகளின் பாக்கியும் முழுசாகக் கொடுத்தாக வேண்டும் என்பது உங்கள் கால்பந்து விதி. ஊர்க் கடைக்காரனுக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் மிஞ்சியது என்னவோ அதுதான். 1885-ல் தொடங்கிய பரி கிளப்பை ஒருவர் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2019 ஆகஸ்டில் லீக்கை விட்டே வெளியேற்றப்பட்டது. அந்த நாட்களில் முன்னாள் இயக்குநரான ஒரு பெண்மணி மைதானத்தின் மழைநீர்க் குழாயோடு தன் கையை விலங்கிட்டுக்கொண்டு நின்ற படத்தைப் பார்த்த எவனும் வரம்பு வேண்டாம் என்று பேச மாட்டான்.

எந்த மாதிரி வரம்பு என்பதுதான் கேள்வி.

இதுவரை இருந்தது நஷ்ட வரம்பு. மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டப்படலாம். அந்த எண்ணை 2013-ல் வைத்தீர்கள், பிறகு தொடவே இல்லை. 2013-ல் கேரத் பேலை ரியல் மாட்ரிட் வாங்கிய உலகச் சாதனை விலை சுமார் 8.5 கோடி பவுண்டு. 2025 செப்டம்பரில் லிவர்பூல் அலெக்சாண்டர் ஐசக் என்ற ஒரே ஆளுக்கு 12.5 கோடி கொடுத்தது. மூன்று வருட அனுமதி நஷ்டம் ஒரு ஆளின் விலைக்குக் காணவில்லை. விலைவாசிப்படி ஏற்றாமல் பன்னிரண்டு வருடம் ஒரு எண்ணை வைத்திருந்தால் அது வரம்பு இல்லை, மெல்ல இறுகும் சுருக்கு. யார் கழுத்தில் இறுகியது என்று பாருங்கள்.

2023 நவம்பர் 26, ஞாயிறு. எங்களுக்கு ராத்திரி பத்து மணி. குடிசன் பார்க்கில் எவர்ட்டனோடு யுனைடெட் ஆட்டம். ஒன்பது நாள் முன்னால்தான் வரம்பை 1.95 கோடி மீறியதற்காக எவர்ட்டனின் 10 பாயிண்டைப் பறித்திருந்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் எங்கள் கர்னாச்சோ அந்தரத்தில் தலைகீழாகத் திரும்பி ஒரு கோல் அடித்தார். இருபது வருடம் பார்த்த கண்ணுக்கே நம்ப முடியாத கோல். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு லைட் எரிந்தது. ஆனால் இன்றும் அந்த இரவென்றால் முதலில் நினைவுக்கு வருவது கோல் இல்லை. மைதானம் முழுக்கத் தூக்கிப் பிடித்திருந்த இளஞ்சிவப்பு அட்டைகள். லீக்கின் சிங்க முத்திரைக்குக் கீழே 'கரப்ட்' என்ற ஒரு சொல். டிக்கெட் எடுத்தவன், டீ விற்றவன், அப்பாவோடு வந்த பையன் என்று எல்லார் கையிலும் அட்டை. கணக்கில் பிசகு செய்தவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்க மாட்டார்கள். 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் 10 என்பது 6 ஆனது, ஏப்ரலில் வேறொரு கணக்குக்காக இன்னும் 2 போனது. ரேஷன் கடைத் தராசுகூட இப்படி ஆடாது.

அடுத்தது நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் என் தூக்கத்தைக் கெடுத்த விவகாரம் இது. பிரென்னன் ஜான்சன் நாட்டிங்ஹாமில் பிறந்து, எட்டு வயதில் அந்தக் கிளப்பின் அகாடமிக்கு வந்த பிள்ளை. அப்பாவும் அங்கேயே ஆடியவர். கணக்கு வருடம் ஜூன் 30-ல் முடிகிறது. அதற்குள் வந்த விலை குறைவு என்று காத்திருந்து, 2023 செப்டம்பர் 1-ல் டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடிக்கு விற்றார்கள். மூன்றில் இரண்டு வருடம் கீழ் டிவிஷனில் இருந்ததால் ஃபாரஸ்டுக்கு அனுமதித்த நஷ்டம் 6.1 கோடிதான், மீறியது 3.45 கோடி. இரண்டு மாதம் முன்பே அடிமாட்டு விலைக்குத் தள்ளியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும். பொறுத்திருந்து நல்ல விலைக்கு விற்றதால் கிளப்பின் நிதி நிலைமை நிஜமாகவே தேறியது. அதற்குக் கிடைத்த பரிசு 4 பாயிண்ட் வெட்டு. நிதி ஒழுங்குக்கான விதி, நிதிக்கு நல்லது செய்தவனைத் தண்டித்தது.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. ஐந்து வருட ஒப்பந்தத்தில் 5 கோடிக்கு ஒரு ஆளை வாங்கினால் வருடம் 1 கோடியாகக் கழிப்பீர்கள். இரண்டு வருடம் கழித்து 4 கோடிக்கு விற்றால், புத்தக மதிப்பு 3 கோடி போக, லாபம் 1 கோடி. சொந்த அகாடமியில் வளர்ந்த பையனுக்கோ புத்தக மதிப்பு பூஜ்யம். விற்ற மொத்தத் தொகையும் லாபம். எங்கள் கடைவீதியில் மார்ச் 31 ராத்திரி நடக்கும் கூத்தை நான் நிறையப் பார்த்தவன். ஸ்டாக்கை அண்ணன் கடையிலிருந்து தம்பி கடைக்கு மாற்றுவார்கள், பில் பறக்கும். 2024 ஜூன் 30-ஐ ஒட்டி நீங்கள் நடத்தியதும் அதே கூத்து. எவர்ட்டன் ஒரு இளைஞனை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றது, வில்லா ஒரு இளைஞனை எவர்ட்டனுக்கு விற்றது. நியூகாசில், 'ஜோர்டி மரடோனா' (ஜோர்டி என்றால் நியூகாசில்காரன்) என்று செல்லப்பெயர் பெற்ற எலியட் ஆண்டர்சனை ஃபாரஸ்டுக்கு அனுப்பியது. விற்க விருப்பமில்லாமல் விற்ற பிள்ளை. அடுத்த வருடமே இங்கிலாந்துக்கு ஆடினான். உலகத்திலேயே பணக்கார முதலாளியை வைத்திருக்கும் கிளப், கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியைச் சரிக்கட்ட ஊர்ப் பிள்ளையை விற்கிறது. செல்சியோ 2022-23 கணக்கில் தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 7.65 கோடிக்கு விற்று லாபம் காட்டியது. பிறகு பெண்கள் அணியையும் அப்படியே, கிட்டத்தட்ட 20 கோடிக்கு. எந்தப் பாயிண்டும் போகவில்லை. விதியை மீறவில்லை என்பது உண்மை. விற்க ஹோட்டல் இல்லாதவன் பிள்ளையை விற்றான், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிய விதி இந்த ஓட்டைகளில் சிலவற்றை அடைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கால்பந்து வருமானத்தை மட்டுமே பார்ப்பதால் ஹோட்டல் வித்தை இனி பலிக்காது. ஆனால் சதவீதம் என்ற சொல்லுக்குள் ஒரு சூது இருக்கிறது. யுனைடெட்டின் 2023-24 வருமானம் 66 கோடி பவுண்டு. அதில் 85 சதவீதம் 56 கோடி. போர்ன்மவுத்தின் வருமானம் 16 கோடி அளவில். அதன் பங்கு 13.6 கோடி. இருவருக்கும் ஒரே விதி என்கிறீர்கள். ஓல்டு டிராஃபோர்டில் 74,000 பேர் உட்காரலாம், போர்ன்மவுத் மைதானத்தில் 11,000 சொச்சம். இடைவெளி நேற்றும் இருந்தது, வாஸ்தவம். இனி அது சட்டம். கடைவீதியில் ஒரு உத்தரவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கடையும் தன் விற்பனையில் 85 பங்குக்குத்தான் சரக்கு எடுக்கலாம், முதலாளி கைக்காசு போடக் கூடாது. நாலு மாடி ஜவுளிக் கடைக்காரர் கை தட்டுவார். எதிரே புதுசாகக் கடை போட்டவன் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

முதலாளி கைக்காசில் முன்பு எப்படி மேலே வந்தார்கள்? இரும்புத் தொழிலில் சம்பாதித்த ஜாக் வாக்கர் தன் ஊர் பிளாக்பர்னுக்குக் கொட்டிக் கொடுத்தார், 1995-ல் சாம்பியன். ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் 2003-ல் செல்சியை வாங்கினார், அபுதாபியின் ஷேக் மன்சூர் 2008-ல் மான்செஸ்டர் சிட்டியை வாங்கினார். அவர்கள் ஏறியபோது ஏணி இருந்தது. ஏறியதும் எட்டி உதைத்தால் அதற்குப் பெயர் நிதி ஒழுங்கா?

அதனால்தான் தோற்ற தீர்மானம் எனக்கு உறுத்துகிறது. 2023-24-ல் கடைசி இடத்து ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு லீக்கிலிருந்து வந்தது சுமார் 11 கோடி. ஐந்து மடங்கு, 55 கோடி. எல்லாருக்கும் அதே தொகை. அப்படி வரம்பு வந்தால் ஐரோப்பாவில் மாட்ரிட்டோடு மோத முடியாது என்று வாதாடினீர்கள். ஐரோப்பாவில் ஆடும் வருடம் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூயெஃபா 70 சதவீதத்துக்கு மேல் விடாதே! சிட்டியின் வருமானம் 71.5 கோடி, அதில் 70 சதவீதம் 50 கோடி. ஆட்டக்காரர் விற்ற லாபத்தைத் தனியே வைத்தால், ஏற்கெனவே 50-க்குள் நிற்க ஒத்துக்கொண்டவர்களுக்கு 55 எப்படிக் கசக்கும்? கசப்பது இன்றைய தொகையால் இல்லை. சதவீதம் வருமானத்தோடு சேர்ந்து தானே வளரும், தொகை அப்படி வளராது.

இன்னொரு கணக்கு. 2024 ஏப்ரலில் இதே யோசனையைக் கொள்கை அளவில் 16 கிளப்புகள் ஆதரித்தன. எதிர்த்தவை சிட்டி, வில்லா, சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் யுனைடெட். 2025 நவம்பரில் ஆதரவு 7. இடையில் லூட்டனும் ஷெஃபீல்டும் போய் லீட்ஸும் சண்டர்லாந்தும் வந்தன. மற்ற 18 பேரும் அதே ஆட்கள். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் குறைந்தது ஏழு கிளப்புகள் கட்சி மாறியிருக்க வேண்டும். ஏன் என்று ரசிகனுக்கு ஒரு வரி சொன்னீர்களா?

ஆட்டக்காரர் சங்கம் இந்தத் தொகை வரம்பை எதிர்த்ததை நான் குறை சொல்ல மாட்டேன். 1961 வரை வாரம் 20 பவுண்டுக்கு மேல் எவருக்கும் சம்பளம் கூடாது என்று வைத்திருந்த நாடு அது. வேலைநிறுத்த மிரட்டலால்தான் அந்த விலங்கு உடைந்தது. பத்துப் பன்னிரண்டு வருடமே உழைக்க முடிகிற தொழில். பயம் நியாயம். ஆனால் 55 கோடி என்பது தனி ஆளுக்கு உச்சவரம்பு இல்லையே. அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசித் தொகையை நிர்ணயிக்கலாம்.

என் கோரிக்கை இது. வரம்பைத் தொகையாக வையுங்கள், எல்லாருக்கும் ஒன்று, வருடா வருடம் விலைவாசிப்படி திருத்துங்கள். அந்தத் தொகைவரை வருமானம் போதாத கிளப்புக்கு முதலாளி கைக்காசு போடலாம், ஒரே நிபந்தனையில்: ஒப்பந்தக் காலம் முழுமைக்குமான பணத்தை முதலிலேயே கட்ட வேண்டும், கடனாக இல்லாமல் மூலதனமாக, திரும்பக் கேட்க முடியாதபடி. போர்ட்ஸ்மவுத்தில் இருந்தது முதலாளிகளின் வாய்ச்சொல். வங்கியில் பணம் இருந்திருந்தால் ஆம்புலன்ஸ்காரர் பாக்கி நின்றிருக்காது. நியூகாசிலுக்கு சவுதியின் கஜானாவே பின்னால் இருந்தாலும் அதே தொகையில் நின்றாக வேண்டும். என் யுனைடெட்டும் அப்படியே. எங்களுக்கு அது வலிக்கும், தெரியும். இருந்த பணத்தை வைத்து நாங்கள் வாங்கிக் குவித்த லட்சணத்தைப் பார்த்தால் கொஞ்சம் வலிப்பது நல்லதுதான்.

அடுத்த கூட்டத்தில் இதை மறுபடி எடுங்கள். 14 கைகள் வேண்டும். எந்தக் கிளப் எந்தப் பக்கம் கை தூக்கியது என்பதை அன்று மாலையே நீங்களே வெளியிடுங்கள், பத்திரிகைக்காரர் துப்பறிந்து சொல்லும்வரை எங்களைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு கணக்கெழுத்தர்