பேத்தியும் பல்வலியும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே, ஏப்ரல் முதல் வாரம் எனக்குப் பேத்தி பிறந்தாள். அந்தச் செய்தியோடு ஒரு வெட்கக்கேட்டையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

போன் வந்தபோது தணிக்கைக்காக ஒரு பனியன் கம்பெனியின் கிடங்கில் ஸ்டாக் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் சாயமேற்றிய நூல், 48 மூட்டை, 2,400 கிலோ. ரத்தாகிப்போன ஏற்றுமதி ஆர்டருக்கு வாங்கியது. மேல் மூட்டையின் தூசியில் விரலால் பெயர் எழுதலாம். "ஆர்டர் திரும்ப வருகிறது சார்" என்றார் மேலாளர். வேறொரு நாளாக இருந்தால் அதற்கான கடிதத்தைக் கேட்டிருப்பேன். அன்று அவர் நீட்டிய பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டு, கிலோ 340 ரூபாய் என்ற அடக்க விலைக்கே பச்சை மையில் டிக் அடித்தேன். 'அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு (விற்றால் செலவு போகக் கிடைப்பது), இரண்டில் எது குறைவோ அது' என்று ஆடிட்டர் பயிற்சியான ஆர்டிகிள் காலத்தில் நாம் ஒப்பித்ததெல்லாம் எங்கே போனதோ! திரும்பும் வழியில் ஆர்டிகிள் பெண்தான் மெதுவாக, "சார், போன வருடத் தணிக்கைப் பேப்பரிலும் இதே பதில்தான் இருக்கிறது" என்றாள்.

மறுவாரம் கடைவாய்ப்பல் வலியோடு கோப்பைத் திறந்தேன். அதே நூலில் கொஞ்சம் மார்ச்சில் கிலோ 210 ரூபாய்க்குப் போயிருந்த பில் ஐந்து நிமிடத்தில் அகப்பட்டது. மதிப்பில் 3,12,000 ரூபாய் குறைக்க வைத்தேன். உடனே பல்வலியை மெச்சாதே. அதே நாளில் 200 ரூபாய் ஆட்டோ வவுச்சருக்காக அவர்களுடைய வயதான காசாளரை அரை மணி நேரம் நிற்க வைத்துக் குடைந்தேன். வவுச்சரில் ஒரு குறையும் இல்லை.

அமெரிக்காவில் ஷ்வார்ஸ், குளோர் என்ற உளவியலாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெயில் நாளிலும் மழை நாளிலும் ஆட்களுக்குப் போன் செய்து, வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். மழை நாளில் திருப்தி குறைவு. ஆனால் முதலில் 'அங்கே வானிலை எப்படி' என்று விசாரித்துவிட்டுக் கேட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பழியை மழையின் மேல் போட்டுவிட்டார்கள் போலும்.

நானும் இப்போது பேப்பரின் ஓரத்தில் என் வானிலையைப் பென்சிலால் குறித்த பிறகுதான் பச்சைப் பேனாவை எடுக்கிறேன். நேற்றையது: 'தூக்கமில்லை. பேத்தி சிரித்தாள்.' ஆர்டிகிள் பெண் அதையும் எண் போட்டுக் கோப்பில் கட்டிவிட்டாள்.

சொட்டு மருந்தை மறக்காதே.

உன்,
ராமநாதன்