ழகரம் வரும், ககரம் வராது: சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழாசிரியர்களே,

வணக்கம். பிளவுபட்ட உதட்டோடும் அண்ணத்தோடும் (வாயின் மேற்கூரை) பிறந்து, இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் தந்தை நான். அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவர்களிடம் நிறையப் பேசியாயிற்று. தமிழ் வகுப்பைப் பற்றி உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று இவ்வாறு பிறக்கிறது. கருவில் 4 முதல் 7 வாரத்துக்குள் மேலுதடும், 6 முதல் 9 வாரத்துக்குள் அண்ணமும் இணைய வேண்டும். மரபணுவும் சூழலும் கலந்த காரணங்களால் சில கருக்களில் அது நிறைவுறுவதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. தேக்காவில் தற்செயலாகச் சந்தித்த உறவினர் ஒருவர் அவன் காதுபடவே கிரகணக் கதையைச் சொல்ல, அன்றிரவு அவன் தன் தாயிடம், "நீங்க அன்னைக்கு வெளிய போனதாலதானா?" என்று கேட்டதால் இதையும் எழுத வேண்டியதாயிற்று.

வல்லினத்தை ஒலிக்கும்போது அண்ணத்தின் மென்மையான பின்பகுதியான மெல்லண்ணம் மேலெழுந்து மூக்குக்குச் செல்லும் வழியை அடைக்க வேண்டும். மெல்லினத்துக்கு அந்த வழி திறந்திருக்க வேண்டும். அண்ணத்தைத் தைத்த பிறகும் சிலருக்கு அது தொண்டையின் பின்சுவரை எட்டுவதில்லை. அப்போது காற்று மூக்கு வழியே கசிந்து, பகரம் மகரத்தை நோக்கிச் சாய்ந்துவிடும். அவன் "அப்பா" என்று கூப்பிட்டால் "அம்மா" என்றே கேட்கும். பேச்சுப் பயிற்சி பலன் தரும்வரை எங்கள் வீட்டில் இரண்டு அம்மாக்கள். ஆனால், பல பிள்ளைகள் தடுமாறும் ழகரம் அவனுக்குச் சுத்தமாக வரும். ககரமும் பகரமும்தான் களைத்த நேரத்தில் இன்றும் நழுவிவிடும்.

2022இல், தொடக்கநிலை ஐந்தில், வாய்விட்டு வாசிக்கும் நேரத்தில் அவனுடைய ஆசிரியர், "மூக்கால் பேசாதே, வாயை நன்றாகத் திறந்து வாசி" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. உச்சரிப்பில் அக்கறை கொண்டவர் என்பதால்தான் சொன்னார். ஆனால் அன்றுமுதல், வாசிக்கும் முறை தனக்கு வரக்கூடிய நாள்களில் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி முகக்கவசக் கட்டுப்பாடு தளர்ந்தபோது, மற்ற பிள்ளைகள் மகிழ்ச்சியோடு கழற்ற, அவன் மட்டும் பல மாதங்கள் அதை அணிந்தே பள்ளிக்குப் போனான்.

"குழந்தையிலேயே சரிசெய்துவிட்டார்களே" என்று பலர் எங்களிடம் கேட்கிறார்கள். மேல்தாடையின் வளர்ச்சி பிந்துவதால், தைத்த முகம் பதின்ம வயதில் மீண்டும் மாறுகிறது. ஈறு எலும்பு ஒட்டு, பல் கம்பி என்று வரிசையாக வந்து, தேவைப்படுவோருக்குத் தாடை அறுவை சிகிச்சை வளர்ச்சி நிற்கும்வரை காத்திருக்கிறது. வகுப்புத் தோழர்கள் படம் எடுத்துப் பகிரும் பதினான்கு வயதில்தான் இவன் முகம் பாதி வேலையில் நிற்கிறது. இத்தகைய இளையர்கள் பலர் நன்றாகவே வளர்கிறார்கள். இருந்தாலும், மனத்தளர்ச்சியோடு வடுவின் அளவைவிடக் கேலிக்கு ஆளாவதும் தன் தோற்றத்தைப் பற்றித் தான் கொண்ட எண்ணமுமே நெருங்கிய தொடர்புடையவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார். 2025 முதல் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை இரவிலும் அழைக்கலாம். அவற்றின் பயனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் வகுப்பறையில் அடங்கிய குரல் வகுப்பறையில்தான் திரும்பக் கிடைக்க வேண்டும். ஆகவே மற்ற உச்சரிப்புப் பிழைகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் திருத்துவது போல அவனுக்கும் திருத்துங்கள். மூக்கொலியை மட்டும் பேச்சுப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள், ஏனெனில் அது சோம்பலால் வருவதன்று. வாசிக்கும் முறை எப்போது வரும் என்பதை முந்திய நாளே சொன்னால் போதும். வாய்மொழித் தேர்வில் சிறப்பு ஏற்பாடு தேவையென்றால், அவனிடமும் பெற்றோரிடமும் கலந்து பேசி, முன்கூட்டியே விண்ணப்பிக்க உதவுங்கள். அவனுடைய நிலையை வகுப்பாரிடம் விளக்கத் தோன்றினால், விளக்கலாமா, யார் விளக்குவது என்று முதலில் அவனிடம் கேளுங்கள். அவன் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். முகத்தைக் காட்டியதற்காக "தைரியசாலி" என்று பாராட்டவும் வேண்டாம். கட்டுரை நன்றாக இருந்தால் கட்டுரையைப் பாராட்டுங்கள்.

சென்ற ஆண்டு தமிழ்மொழி விழாவுக்காகப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கேட்டபோது அவன் பாதி உயர்த்திய கையைப் பார்த்து, "நீ கதை எழுதும் போட்டிக்குப் போ, உனக்கு அதுதான் பொருத்தம்" என்று அன்போடு அனுப்பிவிட்டார்கள். கதை எழுதினான், பரிசும் வாங்கினான். அந்தப் பேச்சை அவன் அறைக்குள் சொல்லிப் பார்ப்பது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. வரும் ஏப்ரல் விழாவுக்கு அந்தக் கை மறுபடியும் உயர்ந்தால், தயவுசெய்து அவன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் தந்தை