பரண் மேல இருக்கற ராட்டைய எடைக்கு போட்றாத கண்ணு

கண்ணு, குட்டிக்கு சளி விட்டுதா? போன்ல பேசினா உன் அண்ணன் பக்கத்துல நின்னுக்கிட்டு போதும்மா போதும்மாங்கறான், அதான் டைப் பண்றேன், எழுத்து தப்பா இருந்தா கண்டுக்காத.

போன சனிக்கிழமை எங்க ரெண்டு பேரையும் ஒரு திருவிழாவுக்கு கூட்டிட்டு போனான். இந்தியானால நாங்க இருக்கற வெஸ்ட் லஃபாயெட்டுக்கு பக்கத்துலயே, வாபாஷ் ஆத்தங்கரைல, ஃபீஸ்ட் ஆஃப் த ஹன்டர்ஸ் மூன்னு பேரு, 1968ல இருந்து நடத்தறாங்களாம். 1717ல பிரெஞ்சுக்காரங்க இங்க வியாட்டனான்னு ஒரு கோட்டை போட்டிருக்காங்க, வியாங்கற பூர்வகுடி ஜனங்க பீவர்னு ஆத்துல இருக்கற ஒரு பிராணியோட தோல் கொண்டாந்து குடுத்துட்டு துணி, கெட்டில், துப்பாக்கின்னு வாங்கிட்டு போவாங்களாம். அந்த மயிர்லதான் ஐரோப்பால தொப்பி செஞ்சிருக்காங்க. ஒரு தொப்பிக்கு இத்தன தூரம் படகு வலிச்சுட்டு வந்திருக்கானுங்க பாரு! அந்த ஜனங்க இப்ப எங்கடான்னு அப்பா கேட்டாரு, 1791ல அமெரிக்க படை வந்து ஊரயே கொளுத்திருச்சுப்பா, அவங்க வம்சமெல்லாம் ஒக்லஹோமா பக்கம் போயிட்டாங்கன்னான்.

இப்ப வருசா வருசம் அந்த காலத்து சந்தை மாதிரியே கூடறாங்க. கேன்வாஸ் கூடாரம், வெறகடுப்புல இரும்பு சட்டி, ஒருத்தர் துருத்தி ஊதி ஆணி அடிக்கறாரு, குழந்தைங்க திரிய மெழுகுல முக்கி முக்கி எடுத்து மெழுகுவர்த்தி பண்ணுதுங்க. திடீர்னு துப்பாக்கி வெடிச்சாங்க, கல்லு உரசி பொறி பறந்து மருந்து பத்தற துப்பாக்கியாம், நம்ம கோயில் வேட்டு மாதிரி சத்தம், அப்பா கைல இருந்த ஆப்பிள் ஜூஸ் பூரா அவரு வேட்டி மேல (ஆமா வேட்டிதான், கேக்கல மனுசன்).

ஆனா நான் எழுத வந்தது வேற. ஒரு கூடாரத்துல ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், தலைல வெள்ள குல்லா, கட்டைல செஞ்ச தக்ளிய சுத்திவிட்டு கம்பளி நூல் எடுத்துட்டு இருந்தா. நான் பாத்துட்டே நின்னத பாத்து கைல குடுத்துட்டா. ஸ்கூல்ல கைத்தொழில் பீரியட்ல சுத்துனது, அம்பது வருசம் இருக்கும், முதல்ல ரெண்டு தடவ அறுந்துச்சு, அப்புறம் வெரல் தானா இழுக்குது! கம்பளி நீளமா இருக்கறதால இழுத்தாலும் தாங்குது, பஞ்சு பட்டைனா இந்த இழுப்புக்கு பொட்டுனு போயிரும். ஒரு முழத்துக்கு மேலயே நூத்திருப்பேன், அந்த பொண்ணு அத அறுத்து என் மணிக்கட்டுல கட்டிவிட்டுட்டா. இன்னும் அவுக்கல.

வீடு வெள்ளையடிக்க பரண காலி பண்றேன்னு சொன்னியே, அங்க கிழக்கு மூலைல பழைய பாய்க்கு அடில ஒரு மரப்பொட்டி இருக்கும், பாத்தா ஒடஞ்ச ஆர்மோனியம் மாதிரி இருக்கும், அது அமுச்சி பாட்டியோட பெட்டி ராட்டை. சிட்டம் சிட்டமா, கட்டு கட்டா நூல் நூத்து கதர் சங்கத்துல குடுத்துட்டு வந்த காசுலதான் எனக்கு ஸ்கூல் பாவாட தெச்சுது. அத எடைக்கு போட்றாத சாமி. கதிர், அதான் நூல் சுத்தற கம்பி, வளஞ்சிருந்தா பரவால்ல, நிமித்திக்கலாம். கரையான் ஏறியிருக்கான்னு மட்டும் தொறந்து பாத்து ஒரு போட்டோ அனுப்பு.

அப்பா உன்ன கேட்டாரு. வேட்டில கறை போகல.

அம்மா