கடலோரப் படிப்பகங்களின் லினக்ஸ் கணினிகளுக்கும் மராமத்து தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உரிமக் கட்டணம் இல்லை என்பதற்காக லினக்ஸ் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் இராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளும் படிப்பகங்களும், அதை நிறுவிய அன்றே வேலை முடிந்துவிட்டதாகக் கருதிவிடுவது குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தொண்டிப் பக்கத்துப் படிப்பகம் ஒன்றின் கணினிகளில் இன்னமும் லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியனின் 9ஆம் பதிப்பே ஓடிக்கொண்டிருக்கிறது. 2017இல் வெளிவந்த அப்பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கிவந்த நீண்டகால ஆதரவும் 2022 ஜூனில் முடிந்துவிட்டது. டெபியனில் மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் ஏபிடி கருவிக்கு 'ஏபிடி அப்டேட்' என்று கட்டளை கொடுத்தால், கோப்பு அங்கே இல்லை என்னும் 404 பிழைதான் திரையில் வரிசையாக வருகிறது. அங்குள்ளவர்களோ நெட் சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். காலாவதியான பதிப்பின் பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் பொதிகள், வழக்கமான சர்வரிலிருந்து ஆவணக் கிடங்குக்கு மாற்றப்பட்டதே உண்மையான காரணம். முகவரியைத் திருத்தினால் பிழைச் செய்தி மறையுமே தவிர, புதிய பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுகூட வராது. டெபியனில் இடைப்பட்ட பதிப்புகளைத் தாண்டி நேரே மேலேற முடியாது என்பதால், இவ்வளவு பின்தங்கிய கணினிகளில் கோப்புகளைப் பத்திரப்படுத்திக்கொண்டு புதிதாக நிறுவுவதே நல்லது.

இதற்காக, வெளிவரும் புத்தம்புதிய பேக்கேஜ்களை எல்லாம் அன்றன்றே ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வெளியாள் கணினிக்குள் புகுவதற்காகத் திட்டமிட்டு நுழைக்கப்பட்ட கள்ளவழி கண்டுபிடிக்கப்பட்டபோது, டெபியனின் நிலையான பதிப்பை வைத்திருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. சோதனைப் பதிப்புகளுக்குத்தான் அது போய்ச் சேர்ந்திருந்தது. நிலையான பதிப்பில் மென்பொருளின் பதிப்பு எண் பெரும்பாலும் பழையதாகவே தெரியும். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் அதற்குள் சேர்க்கப்பட்டு வரும். எண்ணைப் பார்த்துப் பழசு என்று ஒதுக்குவது தவறு.

கிராமங்களில் நெட் வேகம் குறைவு என்பது நியாயமான மறுப்புதான். ஆனால் 'ஏபிடி-கேச்சர்-என்ஜி' போன்றதொரு மென்பொருளைப் பழைய கணினி ஒன்றில் நிறுவினால், முதல் கணினி இறக்கிய பேக்கேஜை அதுவே சேமித்து வைத்து மற்றவற்றுக்கு வழங்கிவிடும். இடையில் ஒரு கணினி நிற்பதால் நம்பகம் குறையுமோ என்ற ஐயமும் வேண்டாம். கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண், ஒவ்வொரு பேக்கேஜுக்கும் டெபியனின் பேக்கேஜ் பட்டியலில் இருக்கிறது. அப்பட்டியல்களின் சரிபார்ப்பு எண்களைக் கொண்ட கோப்பில் டெபியனின் மின்னொப்பம் இருக்கிறது. வழியில் யாராவது மாற்றியிருந்தால் ஏபிடியே நிறுவ மறுத்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பது இக்கரையின் வழக்கம். கோடை விடுமுறையும் அதற்குள்ளேயே வருவதால், கணினிகளையும் அப்போதே கவனிக்கலாம். உப்புக்காற்றில் மின்விசிறி துருப்பிடித்தால் உடனே மாற்றுகிறார்கள்; கண்ணுக்குத் தெரிகிறதல்லவா?

எனவே, கணினி வழங்கும் நிர்வாகங்கள் பராமரிப்புப் பொறுப்பைப் பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஆதரவு முடியும் மாதத்தை எழுதி ஒட்டவும் வேண்டும்; டெபியன் 12 என்றால் 2028 ஜூன்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
மண்டபம்.