டிராயிங்கில் இருக்கும் அந்தச் சின்னக் கட்டம்: பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெஷின் டிராயிங்கும் மெட்ராலஜி என்ற அளவியலும் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கோவையில் ஒரு மெஷின் ஷாப்பில் குவாலிட்டி பார்க்கிறேன். டிப்ளமோ முடித்து வரும் பிள்ளைகளுக்கு ஜியோமெட்ரிக் டாலரன்ஸ் சொல்லிக்கொடுப்பதும் என் வேலைதான். ஒரு பாகத்தின் வடிவமும் இடமும் எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு அது; டிராயிங்கில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் குறியும் எண்ணுமாக எழுதியிருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள். பதினான்கு குறிகளையும் பெயரோடு ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஜாப்பை, அதாவது மெஷினில் செய்த பாகத்தை, கையில் கொடுத்து, "இந்தக் கட்டம் என்ன கேட்குது, அளந்து சொல்லு" என்றால் அப்படியே நின்றுவிடுகிறார்கள்.

போன மாதம் ஒரு அலுமினியக் கவர் வந்தது. மேல்முகம் எவ்வளவு சமமாக இருக்க வேண்டும் என்ற ஃபிளாட்னெஸ் வரம்பு 0.03 மி.மீ. புதிதாகச் சேர்ந்த தம்பி கவரைச் சர்ஃபேஸ் பிளேட் என்ற துல்லியமான சமதளப் பலகையில் வைத்து, ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயலை மேல்முகம் முழுக்க ஓட்டினான். முள் 0.06 ஆடியது. ரிஜெக்ட் என்று சிவப்புப் பெயின்ட்டை எடுத்துவிட்டான். "பொறு தம்பி" என்று மூன்று சின்ன ஜாக்குகளைக் கொண்டுவந்து கவரை அவற்றின் மேல் உட்கார வைத்தேன். முகத்தின் ஓரங்களில் எட்ட எட்ட மூன்று இடம் குறித்து, மூன்றிலும் டயல் ஒரே அளவு காட்டும்வரை ஜாக்குகளைத் திருகினோம். அப்புறம் ஓட்டினால் 0.02. ஜாப் ஓகே.

அவன் முதலில் அளந்தது பாரலலிசம், அதாவது மேல்முகம் அடிமுகத்துக்கு இணையாக இருக்கிறதா என்பது. அடிமுகத்தைப் பிளேட்டில் வைத்துவிட்டால் அதன் சாய்வும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். ஃபிளாட்னெஸ் கட்டத்தில், எந்த முகத்தை ஆதாரமாக வைத்து அளப்பது என்று காட்டும் டேட்டம் எழுத்தே கிடையாது. அந்த முகம் தன்னளவில் சமமா என்பதுதான் கேள்வி. தேர்வில் இந்த வித்தியாசத்தை அவன் சரியாகவே எழுதியிருப்பான். கையில் அது வரவில்லை.

டேட்டம் வரிசையும் அப்படித்தான். ஏ முகம் மூன்று புள்ளியில் தொட வேண்டும், பி இரண்டில், சி ஒன்றில் என்று போர்டில் எழுதினால் மனதில் நிற்காது. மூலைமட்டம் தப்பிய ஒரு மரக்கட்டையை வகுப்பறை மூலையில் தள்ளிக் காட்டுங்கள். முதலில் நீளப் பக்கம் ஒரு சுவரில் ஒட்டினால் கட்டை ஒரு மாதிரி நிற்கும். முதலில் குட்டைப் பக்கம் மற்றச் சுவரில் ஒட்டினால் வேறு மாதிரி நிற்கும். அதே கட்டைதான், ஆனால் சுவர்களிலிருந்து அதன் துளைக்கு இருக்கும் தூரம் மாறிவிடும். இதை ஒரு முறை பார்த்த பிள்ளை ஃபிக்ஸ்ச்சரில் ஜாப்பைத் தப்பாகப் பூட்ட மாட்டான்.

பொசிஷனுக்கு, அதாவது துளை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு, வருகிறேன். பிளஸ் மைனஸ் 0.1 என்று இரண்டு பக்கமும் கொடுத்தால், துளையின் மையம் 0.2 பக்கமுள்ள சதுரத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு துளை இரு திசையிலும் 0.1 தள்ளியிருந்தால் பாஸ். உண்மையில் அது 0.141 விலகியிருக்கிறது. இன்னொன்று ஒரே திசையில் 0.12 மட்டும் தள்ளியிருந்தால் ரிஜெக்ட். அதிகம் விலகியது உள்ளே, குறைவாக விலகியது வெளியே! போல்ட்டுக்குத் திசை ஏது? ஸ்காட்லாந்தில் ஒரு டார்பிடோ தொழிற்சாலையில் இருந்த ஸ்டான்லி பார்க்கர் 1940 வாக்கிலேயே இந்தச் சதுரத்தை வட்டமாக்கச் சொன்னார். விட்டம் 0.283 வட்டம் என்றால் இரண்டு துளையும் உள்ளே வரும், வட்டத்தின் பரப்பும் சதுரத்தைவிட சுமார் 57 சதவீதம் கூடுதல். டாலரன்ஸ் என்றாலே இறுக்கிப் பிடிப்பது என்று நினைத்து வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை ஒரு வரைபடத்தாளில் போட்டுக் காட்டினால் முகமே மாறிவிடும்.

அறுபது பேர் உள்ள வகுப்பையும் முடிக்க வேண்டிய பாடத்திட்டத்தையும் வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு தெரியும். புதிதாக எதுவும் வாங்கச் சொல்லவில்லை. உங்கள் மெட்ராலஜி லேபில் சர்ஃபேஸ் பிளேட், டயல், வி-பிளாக் இருக்கும். குறி அட்டவணை வரையும் வகுப்புகளில் நான்கை மட்டும் லேபுக்கு மாற்றுங்கள். ஒரு ஜாப், அதன் டிராயிங், ஒரு டயல்; நான்கு பேருக்கு ஒரு செட் போதும். செய்முறைத் தேர்விலும் ஒரு கட்டத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஜாப்புக்கு அலைய வேண்டாம். பக்கத்தில் இருக்கும் எந்த மெஷின் ஷாப்பிலும் கேளுங்கள். ரிஜெக்ட் ஆன ஃபிளேஞ்ச், ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங் எல்லாம் மூலையில் கிடக்கும். எங்கள் முதலாளியிடம் நான் பேசிவிட்டேன். பழுது எங்கே என்று எழுதாமலே கொடுக்கிறோம், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

அன்புடன்,
ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர், கோவை