பெரியவனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். அங்கே நீயும் மீனாவும் பாப்பாவும் நலம்தானே? அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தம்பி மண்டிக்கு நேரத்தோடு போய் வருகிறான். உளுந்து வரத்து குறைவு என்று அப்பாவும் அவனும் பேசிக்கொண்டிருந்தார்கள். கணக்கு எழுத ஒரு பையனைப் போட்டிருக்கிறார்கள். உன் எழுத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவன் எழுத்து பிடிபடவில்லை. நீ எழுதிய பழைய பேரேடுகளை இன்னும் பரணில்தான் வைத்திருக்கிறேன். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

மீனாவின் சித்தப்பா மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார். அவரிடம் சாத்தூர் காராச்சேவும் ஒரு புத்தகமும் கொடுத்துவிடுகிறேன். காராச்சேவு பாப்பாவுக்கு, புத்தகம் உனக்கு. "கிடைத்தது" என்று ஒற்றை வார்த்தையில் மெசேஜ் போட்டுவிட்டு இருந்துவிடாதே. பொங்கலுக்குப் பணம் அனுப்பினாய், சந்தோஷம். கூடவே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பணம் வந்து சேர்ந்ததா என்றுகூட நீ கேட்கவில்லை. அப்பா கேட்டதற்கு, உனக்கு வேலை அதிகம் என்று நானே சொல்லிச் சமாளித்தேன்.

புத்தகம் அகதா கிறிஸ்டி எழுதியது. பேர் ‘டெத் கம்ஸ் ஆஸ் தி எண்ட்’. 1944இல் வந்தது. அவருடைய மற்ற நாவல்கள் எல்லாம் அவர் காலத்து மனிதர்களைப் பற்றியவை. இது ஒன்றுதான் கி.மு. 2000 வாக்கில், எகிப்தில், தீப்ஸ் என்ற பழைய நகரத்துப் பக்கம் நைல் நதியின் மேற்குக் கரையில் ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. போலீஸ் கிடையாது, துப்பறிகிறவர் கிடையாது. ஒவ்வொருவராகச் சாகிறார்கள், மிச்சம் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறார்கள். யார் செய்தது என்று நான் எழுத மாட்டேன். நீயே படி, கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. அந்தப் பழக்கம் தம்பிக்குத்தான், உனக்கு இல்லை என்று தெரியும்.

வீட்டுப் பெரியவர் பேர் இம்ஹோதெப். அவர் ஒரு பெரிய மனிதரின் கல்லறைக்குப் பூசாரி. இறந்தவருக்குத் தினமும் படையல் வைக்க வேண்டும், அதற்காக எழுதி வைத்த நிலங்களின் விளைச்சலில்தான் குடும்பம் நடக்கிறது. நம் கோயில்களில் கட்டளைக்கு நிலம் எழுதி வைப்பார்களே, அதே ஏற்பாடு. அவர் கெட்டவர் இல்லை. சத்தம் போடுவார், தன்னால்தான் எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார், யார் பாராட்டினாலும் நம்பிவிடுவார். மூன்று பையன்கள். நடுவில் உள்ள சோபெக் வாய்வீச்சுக்காரன், பணம் கையில் நிற்காது. கடைசிப் பையன் இப்பி செல்லம், அவன் வைத்ததுதான் சட்டம். மூத்தவன் யாஹ்மோஸ்.

இந்த யாஹ்மோஸைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். நல்ல பிள்ளை. நிலத்தைப் பார்ப்பான், தானியத்தை அளப்பான், தம்பிகள் செய்த தப்புக்கும் அப்பாவிடம் திட்டு வாங்குவான். வீட்டு நிர்வாகத்தில் தன்னையும் பங்காளியாகச் சேர்த்துப் பத்திரம் எழுதச் சொல்லி அவன் பொண்டாட்டி சத்திபி நச்சரிக்கிறாள். அவன் கேட்கப் போவான், அப்பா வேறு பேச்சு எடுப்பார், திரும்பி வருவான். "சரிப்பா" என்பான். அவ்வளவுதான். படிக்கிற நமக்கு அவன்மேல் பாசம் வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது.

அப்புறம் அப்பா வடக்கே போன இடத்திலிருந்து நோஃப்ரெத் என்று ஒரு சின்ன வயசுப் பெண்ணைக் கூட்டி வருகிறார். அவளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பவும் வடக்கே போகிறார். அங்கிருந்து கடிதம் வருகிறது. அவளை மரியாதையாக நடத்தாவிட்டால் பிள்ளைகளை வெளியே தள்ளிவிடுவேன், சொத்தை அவளுக்கு எழுதிவிடுவேன் என்று. பெற்றவர் கையால் வந்த கடிதம். அதற்குப் பிறகு நோஃப்ரெத் மலைப்பாதைக்குக் கீழே செத்துக் கிடக்கிறாள். பத்திரம் யார் பேரில் எழுதுவது என்ற ஒரு விஷயம் ஒரு வீட்டை என்ன பாடு படுத்துகிறது பார்.

கோபத்தை மனசில் போட்டு வைக்காதே, ஐயா. கேட்க வேண்டியதைக் கேட்டுவிடு.

இன்னொன்று சொல்கிறேன், இது கதை இல்லை, நிஜம். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு நைல் நதி, பிரமிடு என்று பாடம் எடுத்த எனக்கே இது புதிது. 1921-22இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் ஆட்கள், ஹெர்பர்ட் வின்லாக் தலைமையில், தீப்ஸில் தேர் எல்-பாஹ்ரி பக்கம் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். அங்கே பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய சில கடிதங்களும் கணக்குகளும் கிடைத்தன. எழுதியவர் ஹெகநக்த், இப்பி என்ற அமைச்சரின் கல்லறைக்குப் பூசாரி. வெளியூரில் இருந்துகொண்டு வீட்டுக்கு எழுதியவை. ஏறக்குறைய நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டுச் சண்டை அப்படியே இருக்கிறது. ஸ்டீபன் கிளான்வில் என்ற எகிப்தியல் பேராசிரியர் அகதா கிறிஸ்டிக்கு நண்பர். அவர்தான் அந்தக் காலத்தை வைத்து ஒரு கதை எழுதச் சொல்லி, இந்தக் கடிதங்களைக் காட்டினார். நாவல் அதிலிருந்துதான் பிறந்தது.

அந்தக் கடிதங்களைப் படித்தால் நம் மண்டியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். காசு கிடையாது, எல்லாம் வாற்கோதுமைதான். ஒரு கடிதத்தில் வீட்டில் யார் யாருக்கு எவ்வளவு தானியம் என்று பட்டியலே போட்டிருக்கிறார். முதலில் வருவது ஓர் அம்மாள், அவர் பேரும் இப்பிதான், ஹெகநக்தின் தாயார் என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கும் பணிப்பெண்ணுக்கும் சேர்த்து 8 ஹெகாத். ஒரு ஹெகாத் சுமார் 4.8 லிட்டர். எனக்குப் பழைய காய்ந்த வாற்கோதுமையை அனுப்பிவிட்டு நீங்கள் புதுசைச் சாப்பிடுகிறீர்களா என்று சத்தம் போடுகிறார். அளவு குறைந்துவிட்டது என்று கோபப்படாதீர்கள், இங்கே ஆட்களையே தின்ன ஆரம்பித்துவிட்டார்கள் என்கிறார். பஞ்சம் அவ்வளவா, அல்லது வீட்டை அடக்க அப்படி எழுதினாரா, தெரியாது. அப்பா விலை இறங்கின வருஷம் பேசுவாரே, அந்தக் குரல் காதில் கேட்டது.

வீட்டுப் பொறுப்பு மெரிசு என்பவன் தலையில். உழவு, குத்தகை, அளவு, கடன் வசூல் எல்லாம் அவனுக்கு உத்தரவு. திட்டும் அவனுக்குத்தான். ஸ்நெஃப்ரு என்று ஒரு பையன், அவனுக்கு உழவு வேலை பிடிக்கவில்லை, மாடு மேய்க்க ஆசை என்றால் மேய்க்கட்டும், அவன் எது கேட்டாலும் கொடுத்துச் சந்தோஷமாக வை என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். புதிதாக வந்த யுதென்ஹப் என்ற பெண்ணுக்குக் கெடுதல் செய்தாள் என்று செனென் என்ற வேலைக்காரியை உடனே வெளியே அனுப்பச் சொல்கிறார். அதற்கும் மெரிசுதான் பதில் சொல்ல வேண்டும்.

மெரிசு என்ன பதில் எழுதினான் என்பது அந்தக் கடிதக் கட்டில் இல்லை. படிக்கும்போது எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அத்தனையும் செய்தவன் வாயிலிருந்து ஒரு வரி இல்லை. அந்தக் கடிதங்களில் ஒன்று மடித்து முத்திரை போட்டபடியே கிடந்ததாம். போகவேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை.

சித்திரையில் குடோன் பத்திரம் ஆன அன்று நீ போனில் "சரிப்பா, நல்லது" என்று சொன்னது எனக்குக் கேட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. புத்தகத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அதில் ஹோரி என்று ஒருவர் வருவார், வீட்டுக் கணக்குகளை எழுதுகிற அமைதியான மனிதர், உனக்குப் பிடிக்கும். எகிப்தியக் கல்லறைகளில் கல்லிலேயே கதவு மாதிரி செதுக்கி வைப்பார்கள், திறக்காது. இறந்தவரின் உயிர் வந்து போக அது. மனிதர்களும் அப்படி ஒரு பொய்க்கதவு வைத்துக்கொள்கிறார்கள், வெளியே பார்ப்பவர்கள் அதையே வாசல் என்று நம்பிவிடுகிறார்கள் என்று அவர் சொல்வார். வெளியிலிருந்து வரும் கேடு ஒன்று, உள்ளேயே இருந்து அழுகுவது ஒன்று என்றும் சொல்வார். நீ போனில் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இப்போது அதுதான் ஞாபகம் வருகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ நல்லபடியாகத்தான் இருப்பாய். மீனா இருக்கிறாள், அவள் உன்னைப் பேச வைப்பாள். ஆனால் அவளிடமும் நீ பேசுவதில்லை என்று அவளே சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான் தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

பாட்டி எசாவையும் கவனித்துப் படி. கண் சரியாகத் தெரியாது, ஆனால் வீட்டில் மற்ற எல்லோரையும்விட அவளுக்குத்தான் தெரிகிறது. யாரையும் விட்டுவைக்காமல் வாய்விட்டுப் பேசுவாள். நம் சாத்தூர் ஆச்சி இருந்திருந்தால் இந்நேரம் அப்பாவை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டிருப்பார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

தொடர்ந்து சாவு விழுவதைப் பார்த்து, அந்த வீட்டார் செத்துப்போன தங்கள் அம்மா ஆஷாயெத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்கள். எங்களைக் காப்பாற்று என்று. இதுவும் கற்பனை இல்லை. எகிப்தியர்கள் நிஜமாகவே இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள், சில சமயம் படையல் வைக்கிற சட்டியிலேயே எழுதிவிடுவார்கள். படித்ததும் எனக்குப் பகீரென்றது. பிள்ளைகள் அம்மாவிடம் பேச அவள் சாகும்வரை காத்திருக்க வேண்டுமா? நான் உயிரோடுதான் இருக்கிறேன். என்னிடம் சொல்.

கடைசியாக ஒன்று. அகதா கிறிஸ்டி இதை இரண்டாம் உலகப் போர் சமயத்தில் எழுதினார். புருஷன் தொல்லியல் அறிஞர், போர் வேலையாக வட ஆப்பிரிக்காவில் இருந்தார். இவர் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டார்கள், ஆணும் பெண்ணும் சேர்ந்து சாப்பிட்டார்களா, வீட்டில் என்ன சாமான் இருந்தது என்று கிளான்வில்லைக் கேட்டுக் கேட்டுக் குடைந்திருக்கிறார். ஆனால் கதையின் முடிவு அவர் முதலில் நினைத்தது இல்லை. கிளான்வில் ஒத்துக்கொள்ளவில்லை, இத்தனை உதவி செய்தவராயிற்றே என்று இவர் மாற்றிவிட்டார். பல வருஷம் கழித்துச் சுயசரிதை எழுதும்போதும் அந்த விட்டுக்கொடுத்தல் அவருக்கு ஆறவில்லை, முடிவைத் திருப்பி எழுத வேண்டும் என்றே தோன்றுகிறது என்று சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் அது ஒரு கதைதான். உதவி செய்தவர் மனசு நோகக்கூடாது என்று விட்டுக்கொடுத்தது ஆயுசு முழுக்கக் குத்தியிருக்கிறது.

நீ சின்ன வயசிலிருந்தே விட்டுக்கொடுத்தாய். சைக்கிள், மாடி ரூம், மெட்ராஸ் காலேஜ். ஊரில் எல்லோரும் "உங்கள் பெரியவன் தங்கம்" என்று சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தை முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ஐயா. ஏன் என்று நீ முடித்ததும் உனக்குத் தெரியும். உன்னை நான் யாரோடும் ஒப்பிடவில்லை. பொறுமையாக இருக்கிற பிள்ளையை ஒரு வீடு எவ்வளவு தூரம் சோதித்துப் பார்க்கும் என்று பயந்தேன்.

ஆடி முடிந்ததும் மண்டிப் பத்திரத்தையும் மாற்றி எழுதப்போவதாக அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். சரி, எழுதிவிட்டேன், இனி மறைக்க ஒன்றும் இல்லை. உன் பேர் அதில் வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல். வேண்டாம் என்றால் அதையும் உன் வாயால் சொல். சத்தம் போடுவார், போடட்டும். பேரேட்டில் உன் கை பட்ட பக்கம் எத்தனை என்று அவருக்கும் தெரியும், யாரும் கேட்காததால்தான் அவர் சொல்லவில்லை.

ராத்திரி ஏழு மணிக்கு மேல் அப்பா வீட்டில்தான் இருப்பார். தம்பி எட்டரைக்குத்தான் மண்டியை அடைப்பான். இடையில் கூப்பிடு. நான் எடுத்து நேராக அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், பக்கத்திலேயே நிற்கிறேன்.

அன்புடன்,
அம்மா